சேதக் கணக்கு

சிம்மக்கல்லில் இருந்த எங்கள் பழைய வீட்டைக் கைமாற்றுவதற்கு முந்தைய வாரம், பரணில் கிடந்த தகரப் பெட்டி ஒன்றை அத்தை என்னிடம் ஒப்படைத்தார். "உங்க தாத்தா எழுதுன கணக்கு நோட்டுப்பா. இதைப் படிக்கிற பொறுமை உனக்குத்தான் இருக்கு" என்றார். கீழமாசி வீதியில் வெங்காயமும் மிளகாய் வற்றலும் வாங்கி விற்ற ஒரு கமிஷன் மண்டியில் தாத்தா இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பெட்டிக்குள் சிவப்புத் துணி அட்டை போட்ட பதினான்கு நாள்வழிக் குறிப்பேடுகள் இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. அதன் கீழே தேதி, சரக்கு, மூட்டை, வண்டிக் கூலி, தோணி வாடகை என்று பத்திகள் பிரிக்கப்பட்டு, கடைசிப் பத்திக்குச் 'சேதம்' என்று பெயரிடப்பட்டிருந்தது.

அந்தக் கடைசிப் பத்தியில் எழுதப்பட்ட ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்து இருந்தது. சிலவற்றில் 'ம', சிலவற்றில் 'தோ', சிலவற்றில் 'கொ'. இரண்டு நாள் புரட்டிய பிறகுதான் விளங்கியது. 'ம' என்றால் மண்டி, 'தோ' என்றால் தோணிக்காரர், 'கொ' என்றால் கொழும்புக் கடைக்காரர். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய், அங்கே தோணியேறி, கொழும்பில் இறங்குவதற்குள் அழுகியும் நனைந்தும் வீணான சரக்கின் நட்டத்தை யார் தலையில் எழுதுவது என்பதையே அந்த ஒற்றை எழுத்து முடிவு செய்தது. மதுரைக்குக் கடல் இல்லை என்றுதான் நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆனால் இந்தக் குறிப்பேடுகளைப் படித்த பிறகு, மதுரையின் கடல் வணிகத்தைப் பற்றி எதை வாசித்தாலும், போனது யார் கணக்கில் எழுதப்பட்டது என்றே மனம் தேடத் தொடங்கிவிட்டது.

கடலிலிருந்து தள்ளியிருப்பது இந்த நகரத்துக்குப் புதிய செய்தி அன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியரான பிளினி, மேற்குக் கரையில் மிளகு ஏற்றும் துறையொன்றைப் பற்றிச் சொல்லும்போது, அது பாண்டியனுக்கு உரியது என்றும், அந்த அரசனோ துறையை விட்டு வெகு தொலைவில் உள்நாட்டில் மதுரை என்ற ஊரில் இருக்கிறான் என்றும் குறித்து வைத்திருக்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில் செங்கடல் வழி வந்த கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடல்வழிக் கையேடு, கிழக்கே கொற்கையின் முத்துக் குளிப்பும் பாண்டியனுக்கே உரியது என்கிறது. ஆக, மலைக்கு அப்பால் ஒரு துறை, தாமிரபரணியின் முகத்தில் ஒரு துறை, இரண்டுக்கும் நடுவில் நாட்கணக்கில் மாட்டுவண்டியில் போகவேண்டிய தூரத்தில் கணக்குப் பார்க்கும் ஊர் என்பதே பழைய ஏற்பாடு. கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று அந்தக் கையேடு சொல்லும் ஒரு வரியை நான் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கடலின் ஆபத்தை, மறுக்க முடியாதவர்களின் மீது ஏற்றிய முதல் கணக்கு அது.

கடல் வழியாக வந்த பொருள் மதுரை வரை வந்து சேர்ந்ததற்கு மண்ணுக்குள்ளேயே சான்று உண்டு. வைகை மணலில் ரோமானியரின் சின்னஞ்சிறு செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. நகரத்துக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள கீழடியில் சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லில் செய்த மணிகளும், ரௌலட் எனப்படும் உருளைக் கோலம் பதித்த பானையோடுகளும் கிடைத்தன. இவை வந்த வழியைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில், சென்ற தை மாதம் வைகையை ஒட்டியே கிழக்கே போனேன். சிலைமான், திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று ஆறும் சாலையும் சேர்ந்தே போகின்றன. இராமநாதபுரத்தில் ஆற்று நீரின் பெரும்பகுதியைப் பெரிய கண்மாய் வாங்கிக்கொள்கிறது. மிஞ்சியது கடலைத் தொடும் இடத்தில் உள்ள ஊருக்கு ஆற்றங்கரை என்றே பெயர். அதற்கு அடுத்த ஊர் அழகன்குளம்.

1986-இல் தொடங்கித் தமிழ்நாடு தொல்லியல் துறை பல பருவங்களாக அகழ்ந்த இடம் அது. சங்கப் பாட்டில் வரும் மருங்கூர்ப்பட்டினம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ரோமானியக் காசுகள், மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் எல்லாம் அங்கே வெளிப்பட்டன. அவற்றுள் என்னை நிறுத்தி வைத்தது பாய்மரங்களோடு கூடிய ஒரு பெருங்கலத்தின் உருவம் கீறப்பட்ட பானையோடு. அரசன் ஆணையால் செதுக்கிய சிற்பம் அன்று அது. கரையில் வேலை பார்த்த யாரோ ஒருவர், கண்ணெதிரே நின்ற கப்பலை, கையில் கிடைத்த ஓட்டில் கூரான ஒன்றால் இழுத்துப் பார்த்த கோடுகள். அதன் படத்தை உற்றுப் பார்த்தால், கயிறுகள் எங்கே கட்டப்பட்டிருக்கின்றன என்பதில் அந்தக் கைக்கு இருந்த அக்கறை தெரிகிறது. கப்பலைத் தூரத்திலிருந்து ரசித்தவருக்குக் கயிறு தெரியாது.

துறைகள் ஏன் நிலைக்கவில்லை என்பதற்குக் கொற்கையைப் பார்த்தால் போதும். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் முகத்துவாரத்தை அடைத்து, கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. இன்று கொற்கையில் நின்றால் நெல்லும் வாழையும்தான் கண்ணுக்குத் தெரியும். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஊருக்குள் பழமையான வன்னி மரம் ஒன்று ஏறக்குறையப் படுத்த நிலையில் இன்னும் தளிர்க்கிறது. பக்கத்துக் குடியிருப்பின் பெயர் அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் சாலை. 1968-இலும் பின்னர் 2021-இலும் இங்கே அகழாய்வு நடந்தது. அறுத்த சங்குத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. மழை பெய்து ஓய்ந்த வயலோரத்தில் நடந்தால் அத்தகைய துண்டுகள் இப்போதும் காலில் இடறுகின்றன என்று, மடையில் நின்றிருந்த பெரியவர் சொன்னார். "கடல் எந்தப் பக்கம் ஐயா?" என்று கேட்டதற்கு, மண்வெட்டியின் காம்பாலேயே கிழக்கைக் காட்டி, "பழையகாயலைத் தாண்டிப் போகணும் தம்பி" என்றார். கொற்கை தூர்ந்தபின் எழுந்த துறையே காயல். அதுவும் தூர்ந்து இப்போது பழையகாயல் ஆகிவிட்டது. ஆறு இன்று கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. ஆறு மண் போடப் போட, துறை அதற்கு முன்னால் நகர்ந்துகொண்டே போயிருக்கிறது.

அந்தக் காயல் துறையின் பெருமை பேசப்படும் அளவுக்கு அதன் கணக்கு பேசப்படுவதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், குலசேகர பாண்டியன் ஆட்சியில், மார்க்கோ போலோ அங்கே வந்தபோது, ஓர்முசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் காயலில்தான் ஒதுங்கின. பாண்டிய நாட்டில் குதிரை வளராது. படைக்கோ குதிரை வேண்டும். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் அந்த வணிகத்தின் ஒப்பந்தத்தையே எழுதி வைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவிலிருந்து ஜமாலுதீன் என்ற பெருவணிகர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்பவேண்டும். குதிரை ஒன்றுக்கு விலை 220 பொன் தினார். வழியில் கடலிலேயே குதிரை செத்துப்போனாலும், உயிரோடு வந்து இறங்கியதாகவே கொண்டு அந்த விலையைப் பாண்டியன் கொடுத்துவிடவேண்டும். அந்த வணிகரின் தம்பி தகியுதீன் அப்துர் ரகுமான் பாண்டியனிடம் அமைச்சராக இருந்து காயலையும் மற்றத் துறைகளையும் மேற்பார்த்தார் என்பதையும் சேர்த்து வாசித்தால், ஒப்பந்தம் எழுதியபோது மேசையின் இரு பக்கத்திலும் ஒரே குடும்பம் உட்கார்ந்திருந்தது விளங்கும்.

தாத்தாவின் மொழியில் எழுதினால், அந்தச் சேதம் முழுவதற்கும் பக்கத்தில் 'ம' என்றே போடவேண்டும், மதுரை. குதிரைக்கான செலவைக் கோயில் வருவாயின் மிகுதியிலிருந்தும் கோயில் மகளிர் மீது விதித்த வரியிலிருந்தும் கொடுத்தார்கள் என்று வசாஃபே சொல்கிறார். கரையிறங்கிய குதிரைகளும் நெடுநாள் வாழவில்லை. வெப்பத்துக்குப் பழகாத விலங்குக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்தார்கள்; குளம்பு பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை; விற்பவர்களோ அத்தகையவர்கள் இங்கே வந்து சேராமல் பார்த்துக்கொண்டார்கள் என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். செத்தால்தானே அடுத்த ஆண்டும் வாங்குவார்கள். இதைப் பாண்டியரின் செல்வச் செழிப்புக்கு எடுத்துக்காட்டாகப் பலர் மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இது, கடலைத் தன் கண்ணால் பார்க்காத கருவூலம் ஏமாந்த கதையாகவே படுகிறது.

முத்தின் கணக்கு வேறு விதம். மார்க்கோ போலோ பார்த்த காலத்தில், எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு. கடல்கட்டி என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்ட அந்த மந்திரக்காரர், வெள்ளைக்காரர் ஆட்சியிலும் நெடுங்காலம் முத்துக்குளிப்புக்கு வரவழைக்கப்பட்டார். மந்திரத்தை அதிகாரிகள் நம்பவில்லை. அவர் கரையில் நிற்காவிட்டால் குளிப்பவர்கள் நீரில் இறங்கமாட்டார்கள் என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள். முத்துக்குளிப்பு பங்குனி சித்திரையில், கடல் தெளிந்து அமர்ந்திருக்கும் சில வாரங்களில் மட்டும் நடக்கும். சிப்பி விளையும் கடலடித் திட்டுக்குப் பார் என்று பெயர். குளிப்பவர் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு இறங்குவார். மேலே தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள், தன் அக்காள் தாலி அறுவதை அவன் விடமாட்டான் என்று தூத்துக்குடிப் பக்கத்தில் சொல்வார்கள். கருவூலம் பங்கு கேட்கலாம், மந்திரக்காரர் பங்கு கேட்கலாம். உயிரை ஒப்படைக்கிற இடத்தில் மட்டும், முத்துக் குளித்த பரவர்கள் உறவைத் தவிர வேறு எதையும் நம்பவில்லை. 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று தூத்துக்குடி கைமாறிய கதை பலமுறை எழுதப்பட்டது. நான் அதற்குள் போகவில்லை. எனக்கு வேண்டியது அந்தத் துறையின் ஆழம். பழைய தூத்துக்குடியில் கடல் மேடு. பெரிய கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் ஐந்தாறு மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஒவ்வொரு மூட்டையும் தோணியில் போய்க் கப்பலில் ஏறவேண்டும். 1876-இல் மதுரை வழியாக ரயில் தூத்துக்குடியைத் தொட்டது. கரிசல் பருத்தி பொதி பொதியாக ரயிலில் இறங்கித் தோணியில் ஏறியது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஆட்களும் அப்படித்தான் போனார்கள். 1974-இல் ஆழ்துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும் வரை, தென்பாண்டி நாட்டின் ஏற்றுமதி என்பது அந்த ஐந்தாறு மைல் தோணிப் பயணத்தை நம்பியே இருந்தது.

சிம்மக்கல்லில் பிறந்த நான் சிறு வயதிலிருந்து தமிழ்ச் சங்கம் சாலை வழியாக ஆயிரம் முறை நடந்திருப்பேன். 1901-இல் அந்தச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரே, 1906 அக்டோபர் 16-இல் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தார் என்பதை மிகத் தாமதமாகவே அறிந்தேன். ஏடு தேடியவரும் புலவர்களை ஆதரித்தவருமான ஒருவர், தம் பணத்தைக் கொண்டுபோய்க் கப்பலில் போட்டார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள். வ.உ.சி. ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். 1907-இல் கலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கின. எதிர்த்து நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் கட்டணமே இல்லை, வருபவர்களுக்குக் குடையும் உண்டு என்றது. பெரிய கப்பல் கூட்டத்தை வைத்திருந்த அந்தக் கம்பெனிக்கு ஒரு வழித்தடத்தின் நட்டம் தூசு. சுதேசிக் கம்பெனிக்கோ இருந்ததே அந்த ஒரு வழித்தடம்.

வ.உ.சி. 1908 மார்ச் 12-இல் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலையில் அவருக்கு நாற்பது ஆண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து 1912-இல் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, 1911-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. பாண்டித்துரைத் தேவர் காலமானதும் அதே ஆண்டு. இங்கே சேதத்தின் பக்கத்தில் எந்த எழுத்தைப் போடுவது? ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று வாங்கிய எத்தனையோ பேர் தங்கள் 25 ரூபாயை அன்று இழந்தார்கள். அந்நாளில் அது ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகை இல்லை. வ.உ.சி.யின் செக்கை நாம் நினைவு வைத்திருப்பது முற்றிலும் சரி. பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்த அந்தப் பங்குதாரர்களையும் அதே நினைவில் ஓர் ஓரமாக வைக்கவேண்டும் என்பது என் விருப்பம். பாண்டியன் குதிரைக்குக் கொடுத்தது பிறர் தந்த வரி. இவர்கள் கொடுத்தது தங்கள் சொந்தக் காசு.

தாத்தாவின் குறிப்பேடுகளில் உள்ள தோணி வணிகம் இதற்கெல்லாம் பிந்தியது, சிறியது. அதைப் புரிந்துகொள்ள இரண்டு முறை தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்குப் போனேன். ஓய்வு பெற்ற தண்டல் (தோணித் தலைவர்) ஒருவர், பாய்மரத் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர், பொறுமையாக விளக்கினார். ஆனி, ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று வலுக்கும்போது தோணிகள் ஓடாது. அந்த மாதங்களில்தான் தோணி கட்டும் தச்சர்களான ஓடாவிகள் பலகை மாற்றுவார்கள், பஞ்சை எண்ணெயில் தோய்த்துப் பலகை இடுக்குகளில் அடைக்கும் கலப்பத்து வேலை நடக்கும். வாடைக்காலத்தில் ஓடலாம், ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரை வானத்தை நம்பமுடியாது. வற்றல் மூட்டை அடியில் போனால் ஊறும் தண்ணீரில் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். வெங்காயம் அடியில் போனால் புழுங்கி அழுகும். இரண்டையும் ஒரே தோணியில் ஏற்றுவதென்றால் எதைக் காப்பாற்றுவது என்று முன்பே முடிவு செய்யவேண்டும். "மூட்டை போனா மண்டிக்காரன் ஒரு வாரம் புலம்புவான் அண்ணாச்சி. அவங்களுக்கு அது எழுத்து. எங்களுக்கு அப்படியா?" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. ஆனால் என் தாத்தா எழுதிய எழுத்துகளை அந்தக் கணத்தில் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து 1964-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை மறுபடி எடுத்தேன். டிசம்பர் 19 அன்று வெங்காயமும் வற்றலும் ஏற்றிய தோணி ஒன்று தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டதாக ஒரு வரி இருக்கிறது. 22-ஆம் தேதி இரவுதான் புயல் பாம்பன் பக்கம் கரையேறியது, தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. 23-ஆம் தேதி வரியில், தாத்தாவின் சீரான கையெழுத்தில், 'தோணித் தகவல் இல்லை' என்று மட்டும் இருக்கிறது. அடுத்த நாள் 'மேற்படி'. அதற்கடுத்த நாளும் 'மேற்படி'. மண்டிக்கு விடுமுறையான நாளுக்கும் ஒரு வரி ஒதுக்கி 'மேற்படி' என்று எழுதியிருக்கிறார். மொத்தம் ஒன்பது.

ஜனவரி 2-ஆம் தேதி வரியில் தோணி வேறொரு கரையில் ஒதுங்கிய செய்தி வருகிறது. வெங்காயம் முழுச் சேதம், வற்றலில் பாதி. தொகைக்குப் பக்கத்தில் முதலில் 'தோ' என்று எழுதி, அதை அடித்து, 'ம' என்று மாற்றியிருக்கிறது. அந்த அடித்தலுக்கு மேல் முதலாளியின் சுருக்கொப்பம் இருக்கிறது. அதற்குக் கீழே, எந்தப் பத்திக்குள்ளும் அடங்காமல், பக்கத்தின் ஓரத்திலிருந்து ஓரம் வரை, தாத்தா எழுதியிருப்பது: 'ஆட்கள் ஏழு பேரும் நலம்.'